படத்துக்குக் கீழே உள்ள நான்கு வரிகள்

நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை பெறும் மாணவி ஒருவர் காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். இன்றைய புகைப்படக் கலைஞர்கள் சிலரின் படங்களை இணையதளங்களில் பார்த்து, மனதில் பட்டதை எழுதி வரும்படி கல்லூரியில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். அவர் ஒரு நோட்டு முழுவதையும் நிரப்பிவிட்டார். உதவித்தொகையைப் புதுப்பிக்க வந்த அவருடைய அத்தா, மதிப்பெண் பட்டியலோடு அந்த நோட்டையும் என் மேசையில் வைத்து, "செல்போன்ல படம் பார்த்து எழுதுறதெல்லாம் ஒரு படிப்பா பாய்?" என்று கேட்டார்.

கேட்க வேண்டிய கேள்விதான். நர்சிங், பி.காம்., பொறியியல் என்றால் இந்தக் கேள்வி வராது. புகைப்படம் என்றால் கல்யாண வீட்டில் ஒருவர் ஏணி மேல் ஏறி நிற்பதுதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகிறது. நோட்டை ஒரு வாரம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் எழுதியிருந்த தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து நானும் பார்த்தேன். அந்த அத்தாவுக்கும், அவரைப் போலவே யோசிக்கும் மற்ற பெற்றோர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். படம் எடுப்பது கூடுமா, கூடாதா, எதுவரை கூடும் என்பதில் ஆலிம்களிடையே உள்ள கருத்து வேறுபாடுகளுக்குள் இந்தக் கட்டுரை போகவில்லை. அது அவர்களிடம் கேட்டுத் தெளிய வேண்டிய விஷயம். படங்கள் நம் ஒவ்வொருவர் கையிலும் இரவு பகலாக வந்து விழுந்துகொண்டிருக்கின்றன. அவற்றை எப்படிப் பார்ப்பது என்பதே இங்கே பேச்சு.

மாணவி இன்ஸ்டாகிராமில்தான் தொடங்கியிருக்கிறார். நான்கு நாள் பார்த்த பிறகு நோட்டில் எழுதியிருப்பது இது: நூற்றுக்கணக்கான அழகான படங்களைப் பார்த்தேன், யார் எடுத்தது, எங்கே எடுத்தது, படத்தில் இருப்பவர் யார் என்று ஒன்றுகூட நினைவில் இல்லை. பனிமலை, படகு, சுருக்கம் விழுந்த ஒரு பாட்டியின் முகம். அடுத்த படத்துக்கு விரல் தானாகவே போய்விடுகிறது. ஐந்தாம் நாள் அவர் வேறு வகைத் தளங்களுக்குப் போகிறார். அங்கே ஒவ்வொரு படத்துக்கும் கீழே மூன்று நான்கு வரிகள் சின்ன எழுத்தில் இருக்கின்றன. யார், எங்கே, எப்போது, என்ன நடந்தது, எடுத்தவர் யார். பத்திரிகைக்காரர்கள் இதைப் படக்குறிப்பு என்பார்கள். மாணவியின் நோட்டில் அங்கிருந்து கடைசிப் பக்கம்வரை பேச்சு பெரும்பாலும் இந்தப் படக்குறிப்பைப் பற்றியே இருக்கிறது. ஒளி, கோணம், கறுப்பு வெள்ளை எல்லாம் வருகின்றன. ஆனாலும் இந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டது கீழே உள்ள நான்கு வரிகள்தான். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது.

அவர் முதலில் திறந்த பெரிய தளம் மேக்னம். 1947இல் ராபர்ட் காபா, ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன், டேவிட் சீமோர், ஜார்ஜ் ராட்ஜர் ஆகிய கலைஞர்கள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவு அமைப்பு அது. நம் ஊர் பால் கூட்டுறவுச் சங்கம் போல, உறுப்பினர்களே உரிமையாளர்கள். அந்தக் காலத்தில் பத்திரிகை காசு கொடுத்து அனுப்பினால் படம் பத்திரிகைக்கே சொந்தம். அவர்கள் வெட்டுவார்கள், ஒட்டுவார்கள், வேறு விளக்கம் எழுதிப் போடுவார்கள். படத்தின் உரிமை எடுத்தவரிடமே இருக்க வேண்டும் என்று நின்றதுதான் மேக்னம் செய்த காரியம். கார்ட்டியே பிரெஸ்ஸோன் 1948இல் ஸ்ரீநகரில் எடுத்த ஒரு படம் அங்கே இருக்கிறது. ஹரி பர்பத் குன்றின் சரிவில் விடியற்காலையில் நின்று துஆ செய்யும் முஸ்லிம் பெண்கள். எல்லாரும் நமக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள். ஒருவர் முகம்கூட முழுதாகத் தெரியவில்லை. படத்தில் ஒரு குறையும் தோன்றவில்லை. இன்றைய உறுப்பினர்களில் தெஹ்ரானைச் சேர்ந்த நியூஷா தவகோலியான், நம் நாட்டின் சோராப் ஹுரா ஆகியோரின் பக்கங்களை மாணவி நீண்ட நேரம் பார்த்திருக்கிறார். ஹுராவின் சில படங்கள் புரியவில்லை என்றும் நேர்மையாக எழுதியிருக்கிறார். எனக்கும் சில புரியவில்லை.

இனி, எல்லாரும் எங்காவது பார்த்திருக்கக்கூடிய ஒரு படம். சிவப்பு முக்காடு, பச்சைக் கண்கள், நம்மை நேராகப் பார்க்கும் ஓர் ஆப்கான் சிறுமி. அமெரிக்கரான ஸ்டீவ் மெக்கரி 1984இல் பெஷாவர் அருகே நாசிர் பாக் அகதி முகாமில், பள்ளிக்கூடமாக இருந்த ஒரு கூடாரத்தில் எடுத்தது. 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் அட்டையில் வந்தது. அதற்குப் பிறகு சுவரொட்டி, புத்தகம், வாழ்த்து அட்டை என்று அந்த முகம் போகாத இடமில்லை. உலகத்திலேயே அதிகம் பேர் பார்த்த முகங்களில் ஒன்று என்று சொல்வார்கள். ஆனால் எடுத்த அன்று அந்தப் பிள்ளையின் பெயரை எழுதிக்கொள்ளவில்லை. 17 ஆண்டுகள் அந்த முகத்துக்குப் பெயர் 'ஆப்கான் சிறுமி', அவ்வளவுதான்.

2002இல் மெக்கரியும் அந்தப் பத்திரிகைக் குழுவும் தேடிப்போய் அவரைக் கண்டுபிடித்தார்கள். பெயர் ஷர்பத் குலா. அதற்குள் அவர் பிள்ளைகள் பெற்ற தாய். தன் படம் உலகம் சுற்றியது அவருக்குத் தெரியாது. அந்தப் படத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். 2016இல் போலி அடையாள அட்டை வைத்திருந்ததாகப் பாகிஸ்தானில் கைது செய்யப்பட்டு ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பப்பட்டார். அப்படி அட்டை வைத்திருந்த அகதிகள் எத்தனையோ பேர். உலகத்துக்கே தெரிந்த முகம் இவருடையது. அந்தப் படம் நன்மையைவிடத் தொல்லையையே அதிகம் கொடுத்தது என்று பின்னர் அவரே ஒரு பேட்டியில் சொன்னார். பிறகு ஆப்கான் அரசு காபூலில் வீடு கொடுத்தது. 2021இல் இத்தாலி அடைக்கலம் கொடுத்தது. அதுவும் அந்தப் படத்தால் வந்ததுதான் என்று ஒருவர் வாதிடலாம். வாதிடட்டும். பள்ளிக்கூடக் கூடாரத்தில் இருந்த பிள்ளையிடம் பெயர் கேட்க ஒரு நிமிடம் போதும்.

மாணவி இந்த இடத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: படம் எடுத்தவர் பெயர் எல்லாருக்கும் தெரிந்தது, படத்தில் இருந்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. இதைப் படித்த பிறகு, நம் வீட்டு அலமாரியிலும் சுவரிலும் உள்ள படங்களில் எத்தனைக்கு இது பொருந்தும் என்று எண்ணிப் பார்த்தேன்.

வெளியிலிருந்து கேமராவோடு வந்து எடுத்துப் போகிறவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். நம் பக்கத்து மக்கள் தாங்களே எடுத்தால் என்ன என்று கேட்டவர்களில் முக்கியமானவர் வங்கதேசத்தின் ஷஹிதுல் ஆலம். லண்டனில் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1989இல் டாக்காவில் த்ரிக் என்ற புகைப்பட நிறுவனத்தையும், 1998இல் பாட்ஷாலா என்ற புகைப்படக் கல்லூரியையும் தொடங்கினார். 2000இல் தொடங்கிய சோபி மேளா என்ற புகைப்பட விழாவும் அவர் முயற்சிதான். நம்மைப் போன்ற நாடுகளை 'மூன்றாம் உலகம்' என்று எண்ணிட்டுச் சொல்வதை அவர் ஏற்கவில்லை. உலகில் பெரும்பாலான மக்கள் இங்கேதானே இருக்கிறார்கள், 'பெரும்பான்மை உலகம்' என்று சொல்லுங்கள் என்றார். வெள்ளமும் பஞ்சமும் வந்தால் மட்டும் எங்களைப் படம் எடுக்கிறீர்கள், எங்கள் வீட்டுக் கல்யாணமும் பள்ளிக்கூடமும் உங்கள் கண்ணில் படுவதில்லையே என்பது அவருடைய வாதத்தின் சாரம். 2018இல் டாக்கா மாணவர் போராட்டத்தின்போது தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்ததற்காக அவரைக் கைது செய்து நூறு நாளுக்கு மேல் சிறையில் வைத்தார்கள்.

பாட்ஷாலாவில் படித்தவர்களில் தஸ்லிமா அக்தர் ஒருவர். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சாவாரில் ராணா பிளாசா என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக் கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடிபாடுகளுக்குள் ஓர் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் அணைத்தபடி இறந்து கிடந்ததை அவர் எடுத்தார். அவர்கள் யார் என்று தேடியும் தெரியவில்லை என்பதை அவரே எழுதினார். ஷர்பத் குலாவின் படத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவி சரியாகப் பிடித்திருக்கிறார். அங்கே கேட்கவில்லை, இங்கே தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் தைத்த துணிகள் மேலைநாட்டுக் கடைகளுக்குப் போனவை. நம் திருப்பூரிலும் ஈரோட்டிலும் இதே வேலைக்குப் போகும் குடும்பங்கள் இந்தப் படத்தை வேறு கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

தமிழில் படிக்கவே ஒரு தளம் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய பாரி. கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக் காப்பகம் என்பது அதன் முழுப் பொருள். உழவர், மீனவர், நெசவாளர், துப்புரவுப் பணியாளர் என்று வேலை செய்கிறவர்களின் வாழ்க்கை படங்களோடு இருக்கிறது. படத்துக்குக் கீழே பெயர், வயது, ஊர். பெயர் சொன்னால் அவருக்கு ஆபத்து என்றால் மாற்றுப் பெயர் போட்டு, அதை மாற்றியிருக்கிறோம் என்றும் சொல்லிவிடுகிறார்கள். கட்டுரைகளில் பல தமிழிலும் கிடைக்கின்றன. பணம் கட்ட வேண்டியதில்லை. வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து பார்க்கத் தக்க தளம் என்று நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அதில் மாணவியைக் கவர்ந்தவர் மதுரைக்காரரான எம். பழனி குமார். அவருடைய தாய் மீன் விற்பவர். பொறியியல் படித்துவிட்டுக் கேமராவைப் பிடித்தவர். மலக்குழி மரணங்களைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தில் ஒளிப்பதிவு செய்தார். துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களைத் தொடர்ந்து படமெடுத்து வருகிறார். அந்த வீட்டுப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்து அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் செய்கிறார். ஒரு வேலையை அந்த வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளையே படமெடுத்தால் அது எப்படி இருக்கும் என்று மாணவி மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். நோட்டில் மிக நல்ல பக்கங்கள் அவைதான். பாரி அமைப்பு ஆவணப் புகைப்படத்துக்காகத் தயானிதா சிங் பெயரோடு சேர்த்து ஒரு விருது தொடங்கியபோது, முதல் விருதைப் பெற்றவர் பழனி குமார்.

அந்தத் தயானிதா சிங் 2022இல் ஹாசல்பிளாட் விருது பெற்ற டெல்லிக் கலைஞர். புகைப்பட உலகில் அதைவிடப் பெரிய விருதுகள் அதிகமில்லை. 1989இல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்காக டெல்லியில் மோனா அகமது என்ற திருநங்கையைப் படமெடுக்கப் போனார். படம் வெளிவரப் போவது லண்டனில் என்று தெரிந்ததும் மோனா, அங்கே என் உறவினர்கள் இருக்கிறார்கள், படச்சுருளைத் திருப்பிக் கொடு என்று கேட்டார். தயானிதா கொடுத்துவிட்டார். கையிலிருந்த வேலை போயிற்று. ஆனால் அன்று தொடங்கிய நட்பு 2017இல் மோனா மறையும்வரை நீடித்தது. குடும்பமும் கூட்டமும் கைவிட்ட பிறகு ஒரு கப்ரஸ்தானில் வீடு கட்டி வாழ்ந்தவர் மோனா. அவரைப் பற்றிய புத்தகம் 2001இல் வந்தது. அதில் படங்களோடு இருக்கும் வரிகள் மோனாவே பதிப்பாளருக்கு எழுதிய மின்னஞ்சல்கள். படத்தில் இருப்பவரே தன்னைப் பற்றிய வரிகளை எழுதுவது எத்தனை படங்களுக்கு வாய்க்கும்? படச்சுருளைத் திருப்பிக் கொடுத்த அந்த ஒரு காரியத்தை நம் பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கலாம். இன்றைக்குப் படச்சுருள் கிடையாது. "அழிச்சிடுங்க" என்று ஒருவர் சொன்னால் அவர் முன்னாலேயே அழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

உலகப் பத்திரிகைப் புகைப்பட அமைப்பு 1955 முதல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஆண்டுதோறும் விருது கொடுக்கிறது. அதன் தளத்தில் பழைய ஆண்டுகளின் படங்களையும் பார்க்கலாம். 2024இல் முதல் பரிசு பெற்ற படம் காஸாவின் முகமது சாலிம் எடுத்தது. 2023 அக்டோபர் 17 அன்று கான் யூனிஸ் நாசர் மருத்துவமனையில், கஃபன் துணியில் சுற்றிய ஐந்து வயதுக் குழந்தையின் உடலைத் தரையில் அமர்ந்து அணைத்திருக்கிறார் அதன் அத்தையோ சித்தியோ ஆன பெண். அந்தக் குழந்தை அவருடைய உடன்பிறந்தாரின் பிள்ளை. பெண்ணின் முகம் தெரியாது, குழந்தையின் முகமும் தெரியாது. எடுத்தவரின் மனைவிக்குக் குழந்தை பிறந்து சில நாள்களே ஆகியிருந்தன. 2025இல் முதல் பரிசும் காஸாக்காரருக்குத்தான்: சமர் அபு எலூஃப். இரண்டு கைகளையும் இழந்த ஒன்பது வயதுச் சிறுவனை அவர் தோஹாவில் படமெடுத்தார். அவரும் அங்கேதான் அகதியாகத் தங்கியிருந்தார், அதே குடியிருப்பில். இரண்டு படங்களின் கீழும் பெயர், வயது, நாள், இடம் எல்லாம் இருக்கின்றன. அந்த வரிகள் இல்லாமல் அவை நம் வாட்ஸ்அப்பில் வந்தபோது எந்தப் போர், எந்த ஊர் என்றே சிலர் மாற்றி எழுதி அனுப்பியிருந்தார்கள். உண்மையான துயரத்துக்குப் பொய்யான விலாசம் போட்டால், அடுத்த முறை உண்மையான படம் வரும்போதும் நம்ப ஆளிருக்காது.

இந்த அமைப்பு படக்குறிப்பை எவ்வளவு கடுமையாகப் பார்க்கிறது என்பதற்கு 2015இல் நடந்தது ஒன்று. இத்தாலியின் ஜியோவன்னி ட்ரொய்லோ, பெல்ஜியத்தின் ஷார்லருவா நகரம் சீரழிந்துவிட்டதாக ஒரு படத்தொகுப்பு எடுத்துப் பரிசும் வாங்கினார். எங்கள் ஊரைக் கெடுத்துக் காட்டுகிறார் என்று அந்த நகர மேயர் புகார் எழுதினார். விசாரித்தார்கள், பரிசு நிற்கும் என்றார்கள். பிறகு ஒரு செய்தி வந்தது. தொகுப்பில் ஒரு படம் ஷார்லருவாவில் எடுத்ததே அல்ல, பிரஸ்ஸல்ஸ் பகுதியில் உள்ள மொலன்பேக்கில் எடுத்தது. பரிசைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஊர்ப் பெயர் ஒன்று தப்பாக இருந்ததற்குப் பரிசே போயிற்று. நம் குடும்பக் குழுக்களில் ஒரு நாளைக்கு எத்தனை ஊர்ப் பெயர்கள் இப்படி மாறுகின்றன!

எடுத்தவர் பெயரிலும் சிக்கல் வருவதுண்டு. 1972இல் வியட்நாமில் நேப்பாம் குண்டில் எரிந்து ஓடிவரும் சிறுமியின் படத்தை நிக் ஊட் எடுத்தார் என்றே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எல்லாப் புத்தகமும் சொல்லி வந்தது. எடுத்தது வேறொருவர் என்று ஓர் ஆவணப்படம் கேள்வி எழுப்ப, 2025 மே மாதம் இந்த அமைப்பு அந்தப் பெயரை நிறுத்தி வைத்தது. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் தானும் விசாரித்துவிட்டு, நிக் ஊட் பெயரையே தொடர்வதாகச் சொன்னது. இப்படிப் பெயருக்காக வழக்காடுவது வீண்வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். ஹதீஸ் படித்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று அறிவிப்பாளர் வரிசையைப் பார்க்காமல் ஒரு செய்தியை ஏற்கக் கூடாது என்று மதரஸாவில் முதல் வகுப்பிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இது இன்னும் அவசரமாகிவிட்டது. 2023இல் சோனி உலகப் புகைப்பட விருதுகளில் ஒரு பிரிவில் வென்ற படத்தை ஜெர்மனியின் போரிஸ் எல்டாக்சன், இது கேமராவில் எடுத்ததல்ல, கணினி உருவாக்கியது என்று சொல்லிப் பரிசை மறுத்தார். இரண்டு பெண்கள், பழைய கறுப்பு வெள்ளைப் படம் போலவே இருக்கும். நடுவர்களுக்கே அப்படி என்றால் நாம் முகத்தை வைத்து எப்படித் தீர்மானிப்பது? மாணவி தன் வகுப்பில் கற்ற இரண்டு வழிகளை எழுதியிருக்கிறார். வந்த படத்தைக் கூகுள் லென்ஸ் அல்லது டின்ஐ தளத்தில் போட்டால், அது முன்பு எங்கெல்லாம் வந்தது என்று பெரும்பாலும் காட்டிவிடும். பத்து வருடத்துக்கு முந்தைய வேறு நாட்டுப் படம் என்றால் அங்கேயே தெரிந்துவிடும். மற்றொன்று, கேமராவோ செல்போனோ படம் எடுக்கும்போதே நாள், நேரம், சில சமயம் இடம் ஆகியவற்றைக் கோப்புக்குள் எழுதி வைக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அந்த விவரம் உதிர்ந்துவிடும்; ஆவணமாக இணைத்து அனுப்பினால் பெரும்பாலும் நிற்கும். விபத்து, நிலத் தகராறு என்று ஆதாரமாகப் படம் அனுப்ப வேண்டியவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளவும். உங்கள் வீடு எங்கே என்று அந்நியருக்குத் தெரிய வேண்டாம் என்பவர்களும் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

அத்தாவின் கேள்விக்கு வருகிறேன். இது படிப்பா? டேனிஷ் சித்தீக்கி டெல்லி ஜாமியா மில்லியாவில் பொருளாதாரமும் பிறகு மக்கள் தொடர்பியலும் படித்தவர். தொலைக்காட்சிச் செய்தியாளராக இருந்து 2010இல் ராய்ட்டர்ஸில் சேர்ந்தார். ரோஹிங்யா மக்கள் உயிர் பிழைத்து வங்கதேசக் கரையில் இறங்கியதைப் பதிவு செய்ததற்காக 2018இல் அவருடைய குழுவுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. கொரோனா இரண்டாம் அலையில் எரிந்த சிதைகளை நமக்குக் காட்டியவரும் அவர்தான். 2021 ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானில் ஸ்பின் போல்டக் பகுதியில் பணியில் இருந்தபோது கொல்லப்பட்டார். படித்த ஜாமியாவின் கப்ரஸ்தானிலேயே அடக்கம் செய்தார்கள். 2022இல் இரண்டாவது புலிட்சர் அவர் மறைவுக்குப் பின் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் போர்முனைக்குப் போகப் போவதில்லை, போகவும் வேண்டாம். செய்தி நிறுவனங்கள் இருக்கின்றன, அருங்காட்சியகங்கள் இருக்கின்றன, இணையக் கடைகளுக்குப் பொருள்களைப் படமெடுக்கும் வேலை நம் ஊரிலேயே நடக்கிறது. பட்டப்படிப்புக்கு மேல் படிக்க அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் புகைப்படத்துக்கென்றே முதுநிலைப் படிப்பு உண்டு. அதன் வகுப்புகள் காந்திநகர் வளாகத்தில் நடக்கின்றன. சென்னையில் 2016 முதல் நடந்துவரும் புகைப்பட பைனாலே நடக்கும்போது போய்ப் பார்க்கலாம். சம்பளம் முதல் சில ஆண்டுகள் குறைவாகத்தான் இருக்கும். அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

பெண் பிள்ளை இந்த வேலைக்குப் போகலாமா என்று ஜமாஅத்தில் ஒருவர் கேட்டார். நம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பகுதியில் படமெடுக்கப் பெண் போட்டோகிராபர் வேண்டும் என்று கேட்டு, கிடைக்காமல் அலைவதும் நாம்தானே.

கல்யாணம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், நோட்டில் இல்லாவிட்டாலும். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே உங்கள் மகள் நிக்காஹ் படங்களை ஸ்டூடியோக்காரர் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் விளம்பரமாகப் போட வேண்டுமென்றால் உங்களிடம் கேட்க வேண்டும். ஆனால் முன்பணம் கட்டும்போது கையெழுத்து வாங்கும் தாளில், படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்த சம்மதம் என்று ஒரு வரி சின்ன எழுத்தில் இருந்தால் கதை மாறிவிடும். படித்துப் பார்த்து, வேண்டாம் என்றால் அந்த வரியை அடித்து இருவரும் அதன் அருகே கையெழுத்திடுங்கள். பெண்ணிடமும் கேளுங்கள், முகம் அவளுடையது.

உதவி வழங்கும் படங்களைப் பற்றி மாணவி கடைசிப் பக்கத்தில் எழுதியிருப்பதை அப்படியே இங்கே சொல்கிறேன். பொதுவாக வாட்ஸ்அப்பில் வரும் அரிசி, தையல் மெஷின் கொடுக்கும் படங்களில் கொடுப்பவர்கள் அத்தனை பேரின் பெயரும் கீழே இருக்கிறது, வாங்குபவர் பெயர் மட்டும் இல்லை, முகம் மட்டும் இருக்கிறது. ஷர்பத் குலாவின் கதை நம் தெருவிலும் நடக்கிறது என்று சொல்ல வருகிறார். பெயரையும் போட்டுவிட்டால் சரியாகிவிடுமா என்றால், இல்லை. கையேந்தி நின்றதைப் பெயரோடு ஊருக்குச் சொல்வது அதைவிட மோசம். நமது அறக்கட்டளை பொருள்களையும் கணக்கையும் மட்டும் வெளியிடுகிறது, வாங்குபவரைப் படமெடுப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து அனுப்பும் சகோதரர்கள் சிலர் "ஒரு போட்டோவாவது அனுப்பக் கூடாதா?" என்று உரிமையோடு கேட்கிறார்கள். அவர்களுக்கு ரசீது, கொள்முதல் பில், வழங்கிய எண்ணிக்கை எல்லாம் அனுப்பி வைக்கிறோம். நேரில் வந்தால் பதிவேட்டையும் பார்க்கலாம். படித்து முடித்தவர், தொழில் தொடங்கி நிமிர்ந்தவர் தாமே முன்வந்து, என் படத்தைப் போடுங்கள், பிறருக்கு ஊக்கமாக இருக்கும் என்றால் போடலாம். அப்போது கீழே வரும் வரிகளை அவரே எழுதித் தரட்டும்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. உதவித்தொகை விண்ணப்பம் குழுவின் முன் இருக்கிறது. மேலே சொன்ன தளங்களைப் பார்க்க விரும்பும் பிள்ளைகள், செல்போன் திரை போதாது என்றால், ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வந்து கணினியில் பார்க்கலாம். அந்த மாணவி மஃக்ரிப் வரை அங்கே இருந்து திறந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். வருகிறவர்கள் வீட்டிலுள்ள பழைய படம் ஒன்றையும், அதில் இருப்பவர்கள் பெயர்களை வாப்பும்மாவிடமோ நன்னியிடமோ கேட்டு பென்சிலால் பின்புறம் எழுதி, கொண்டுவர வேண்டுமாம். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும் என்றும் சொல்லச் சொன்னார்.